ரிசர்வேஷன் பெட்டியில் ரிசர்வேஷன் பேச்சு

ரயிலில் ஏறி உட்கார்ந்து கால் மணி நேரம் ஆகாது, எதிர் சீட்டில் ஒருத்தர் ஆரம்பித்துவிடுவார். ‘கோட்டாவுல வந்தவனையெல்லாம் நாற்காலியில உக்கார வச்சா ஆபீஸ் எப்படி சார் உருப்படும்?’ பக்கத்தில் இருப்பவர் தலையாட்டுவார். தாலுகா ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் நடந்த கதையும் வரும். அந்தப் பழியும் கடைசியில் நம்ம தலையில்தான். அடுத்து, ‘சாருக்கு எந்த ஊரு? ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று விசாரணை தொடங்கும். எதற்குக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா?

பேசுகிறவரின் டிக்கெட்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்கள். நேற்றுவரை வெயிட்டிங் லிஸ்ட்டில் கிடந்திருக்கலாம். எம்.பி.யின் லெட்டர்பேடில் நாலு வரி, இல்லை பெரிய அதிகாரியின் ஒரு சீட்டு. சார்ட் போடுவதற்குள் பெர்த் விழுந்துவிடும். இதற்கு ரயில்வே வைத்திருக்கும் பெயரே எமர்ஜென்சி கோட்டா! பரீட்சை கிடையாது, கட்-ஆஃப் கிடையாது, தகுதி திறமை பற்றிப் பேச்சே கிடையாது. 2019இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே உள்ள முற்பட்ட சாதியாருக்கு 10 சதவீதம் கொடுத்தார்கள். ஆபீஸ் உருப்படாமல் போகுமே என்ற ஒப்பாரி இந்தப் பெட்டியில் அப்போது கேட்கவில்லை.

அதே ரயிலுக்குக் கீழே இன்னொரு ஒதுக்கீடு இருந்தது. நூற்றுக்கு நூறு என்றே சொல்லலாம். பெட்டியிலிருந்து தண்டவாளத்தில் விழுந்த மலத்தை விளக்குமாறும் தகரமும் வைத்து அள்ளுகிற வேலை. இங்கே பெரும்பாலும் அருந்ததியர், வடக்கே வால்மீகிகள். தகுதி பேசுகிற எவனும் அந்த வேலைக்குப் போட்டிக்கு வந்ததில்லை.

கையால் மலம் அள்ள வைப்பதற்கு எதிராக 1993லேயே சட்டம் போட்டார்கள். அது தண்டவாளத்தில் இறங்கவில்லை. 2013இல் புதுச் சட்டம் எழுதியபோது இன்னும் சாமர்த்தியம். சுகாதாரமற்ற கழிப்பிடம் எது என்று விளக்குகிற இடத்திலேயே, அரசு அறிவித்த கருவியும் பாதுகாப்பு உடையும் கொண்டு ஊழியர் சுத்தம் செய்கிற ரயில் பெட்டிக் கக்கூசை விலக்கிவைத்தார்கள். அதாவது, கையுறை மாட்டிவிட்டால் மலம் அள்ளுகிறவர் மலம் அள்ளுகிறவர் இல்லையாம். சாதியைக் கையுறையால் ஒழித்த வித்தை! 2014 மார்ச் 27 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், காலக்கெடு வைத்து இதை முடியுங்கள் என்று ரயில்வேக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது பெட்டிகளில் பயோ-டாய்லெட் வந்துவிட்டது. நல்லதுதான், வரவேற்போம். பயணிக்கு நாற்றம் போனது, ரயில்வேக்குத் தண்டவாளம் துருப்பிடிப்பது குறைந்தது. அள்ளினவங்க என்ன ஆனாங்க? அவர்களில் பலர் காண்டிராக்ட் ஆட்கள். காண்டிராக்டர் மாறினால் பெயரே மறைந்துபோகும். 2013 சட்டப்படி மறுவாழ்வு வேண்டுமென்றால் முதலில் கணக்கெடுப்பில் பெயர் இருக்க வேண்டும். ‘எங்களிடம் அப்படி யாருமே இல்லை’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அத்தோடு சரி, ஆளும் இல்லை, கடனும் இல்லை.

தெற்கு ரயில்வேயில் ஆறு கோட்டங்கள்: சென்னை, திருச்சி, மதுரை, சேலம், பாலக்காடு, திருவனந்தபுரம். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுவுக்கு 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பாதை சுத்தம் செய்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் நிரந்தர வேலை பெற்றவர் எத்தனை பேர், அடைத்துக்கொண்ட பயோ-டாய்லெட் தொட்டியை இன்று திறப்பது யார், எந்தக் காண்டிராக்டில், என்ன கூலிக்கு? ஊருக்கு ஒருத்தர் எழுதுங்கள். வருகிற பதிலை, ‘தகவல் இல்லை’ என்று வந்தாலும், நமக்கு அனுப்புங்கள். கோட்டம் கோட்டமாக அச்சிடுவோம்.