நிறுத்தவும், மீண்டும் தொடங்கவும்

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நிக்கோபார் மாவட்டத்தில் 42,068 பேர் இருந்தார்கள். பத்தாண்டு கழித்து எண்ணியபோது 36,842 பேர்தான். மாவட்டத் தலைமையிடமான கார் நிக்கோபாரில் மட்டும் இருபதாயிரத்துச் சொச்சமாக இருந்த தொகை பதினெட்டாயிரத்துக்கும் கீழே இறங்கியது. இடையில் வந்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. மேடு அதிகமில்லாத தட்டையான தீவு கார் நிக்கோபார். மலாக்கா போன்ற கரையோர ஊர்களும் விமானப்படைத் தளமும் ஒரே காலையில் சிதைந்தன.

இப்படித் தேய்ந்த இடத்தில் கருத்தடை பற்றி யாராவது பேச்செடுத்தால், ‘ஆளே குறைந்துபோன ஊரில் இது எதற்கு?’ என்றுதான் முதலில் கேட்பார்கள். போதாக்குறைக்கு, 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மொத்தக் கருவள விகிதத்தை 1.3 என்கிறது. நாட்டுச் சராசரி 2.0.

இந்தக் கேள்விக்கு மத்திய இந்தியாவில் ஏற்கெனவே ஒரு விடை எழுதிப் பார்த்தாகிவிட்டது. பைகா உள்ளிட்ட பழங்குடிகள் அழிந்துவிடக் கூடாது என்று 1979இல் மத்தியப் பிரதேச அரசு அவர்களுக்குக் கருத்தடை அறுவைசிகிச்சை செய்யத் தடை போட்டது. சத்தீஸ்கர் தனி மாநிலமான பிறகும் தடை தொடர்ந்தது. பிள்ளை போதும் என்று நினைத்த பைகா பெண்களை அரசு மருத்துவமனைகள் திருப்பி அனுப்பின. இன்னொரு பக்கம், 2014 நவம்பரில் அதே மாநிலத்தில் பிலாஸ்பூர் பகுதியில் நடந்த கருத்தடை முகாம்களில் பதின்மூன்று பெண்கள் இறந்தபோது, இறந்தவர்களில் ஒரு பைகா பெண்ணும் இருந்தார். கேட்டவளுக்குக் கிடைக்கவில்லை, காக்கப்பட வேண்டியவள் முகாமில் செத்தாள். பைகா தம்பதியரும் மக்கள் நல இயக்கத்தினரும் வழக்காடி, 2018இல் உயர் நீதிமன்றத்தில் அந்தத் தடையை நீக்கவைத்தார்கள். இனத்தைக் காக்கும் சுமையைப் பெண்ணின் கருப்பையில் ஏற்றுவது நிர்வாகத்துக்குச் சுலபம். அந்தச் செலவு அரசாங்கக் கணக்கில் ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் மறுபக்கத்தையும் சுனாமியே காட்டியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கரையில் விளையாடிய பிள்ளைகளும் வீட்டில் இருந்த பிள்ளைகளும் அதில் ஏராளம். பெற்றவர்களில் பலர் இரண்டு பிள்ளைகளோடு ‘ஆபரேஷன்’ செய்துகொண்டவர்கள். குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாடு பெற்ற பெயரெல்லாம் பெரும்பாலும் இந்த ஒற்றை அறுவையின் மேல் நிற்கிறது: அதே 2019-21 கணக்கெடுப்பின்படி இங்கே திருமணமான பெண்களில் நூற்றுக்கு 57.8 பேர் அதைச் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்ளும் வாசக்டமியோ 0.1 விழுக்காடு. பிள்ளைகளை இழந்த தம்பதியருக்குக் கருக்குழாயை மீண்டும் இணைக்கும் சிகிச்சையைத் தமிழக அரசு இலவசமாக அறிவித்தது. தனியார் மருத்துவமனையில் செய்துகொண்டால் 25,000 ரூபாய் உதவி. நல்ல முடிவுதான். ஆனாலும் இணைத்த எல்லாரும் கருத்தரிப்பதில்லை. மிச்சமிருக்கும் குழாயின் நீளம், பெண்ணின் வயது, முதலில் எப்படி வெட்டினார்கள் அல்லது வளையம் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது அது. கரு குழாயிலேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு.

இந்த நுண்ணறுவைக்குச் சென்னை, மதுரை மாதிரி ஊர் வேண்டும். கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேருக்கே, அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கே, பத்து டிகிரி கால்வாயைத் தாண்டி சுமார் 270 கிலோமீட்டர் போயாக வேண்டும். கப்பல், இல்லையென்றால் ஹெலிகாப்டர். வானிலை கெட்டால் இரண்டுமே கிடையாது. கருத்தடை ‘கிடைக்கிறது’ என்ற சொல்லுக்குத் தீவில் பொருள் மாறிவிடுவது இதனால்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டிய அந்தரா என்ற கருத்தடை ஊசி ஆண்டுக்கு நான்கு தடவை கைக்கு வர வேண்டும். சாயா என்ற கருத்தடை மாத்திரை வாரக்கணக்கில் தீரும். ஒரு கப்பல் தவறினால் ஒரு சுற்றே தவறிப்போகும். ஆபரேஷனுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஒருதரம் முடிந்தால் முடிந்தது. திட்டம் போடுகிறவர்களுக்கு அது பிடித்துப்போவதில் வியப்பில்லை.

தீவுக்குப் பொருந்துவது காப்பர்-டி என்பது என் எண்ணம். பத்தாண்டு வரை நிற்கும், வேண்டாதபோது எடுத்துவிடலாம், சரக்குக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரே நிபந்தனை: அதைப் போடத் தெரிந்த செவிலியர் இருக்கும் இடத்திலேயே, கேட்ட அன்றே எடுத்துவிடும் ஏற்பாடும் இருக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்ச நாள் பாரும்மா’ என்று திருப்பி அனுப்பினால் அதுவும் இன்னொரு ஆபரேஷன்தான்.

பல வழிகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோனால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தின் மத்லப் சாட்சி. 1977இல் அங்கே ஏறக்குறைய பாதிக் கிராமங்களில் பெண் பணியாளர்கள் மாத்திரை, ஊசி, ஆணுறை எல்லாவற்றையும் வீடுதேடிக் கொடுத்தார்கள். மற்றக் கிராமங்களைவிட அங்கே பிறப்பு குறைந்தது. இருபதாண்டு கழித்து ஆராய்ந்தபோது அந்தப் பெண்களின் உடல் எடையும் வருமானமும்கூட மேம்பட்டிருந்தன. ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் குறைந்தது 24 மாதம் இடைவெளி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரத்தசோகை உள்ள தாய்க்கு அந்த இரண்டு ஆண்டுதான் உடல் தேறும் காலம்.

கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரில் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. கூட்டுக் குடும்பமான துஹெத்தும் ஊர்த் தலைவரும் வழக்கில் இருக்கிற சமூகம் அது. ஆகவே பிரசவ வார்டில் கணவனையும் மூத்தவர்களையும் உட்காரவைத்துப் பேசலாம். முடிவு மட்டும் அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும். ஆறு மாதத்துக்குத் தேவையான ஊசியும் மாத்திரையும் மழைக்காலத்துக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். கருக்குழாயை மீண்டும் இணைத்துக்கொள்ள விரும்பும் தம்பதிக்குச் சென்னைவரை போய்வரும் செலவை நிர்வாகம் ஏற்க வேண்டும், சுனாமி வந்தால்தான் என்று இல்லாமல்.