தீப்பெட்டியில் ஒரு கட்டடப் பாடம்



1922ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து, மறு ஆண்டு சிவகாசியில் அதைத் தொடங்கினர். மழை பொய்த்த கரிசல் மண்ணுக்குப் பிழைப்பு கிடைத்தது. ஆனால், பல்லாண்டுக் காலம் அந்தப் பெட்டிகளை ஒட்டியவற்றுள் பிஞ்சு விரல்களும் இருந்தன! சிவகாசிச் சிறார் குறித்த வழக்கில், 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயத் தொழிலில் பிள்ளைகளை அமர்த்துவோர் பிள்ளை ஒன்றுக்கு ரூ. 20,000 செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

அதே பெட்டியை இன்று பாடக் கருவியாக நம் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பாருங்கள். கட்டடக் கலையின் அரிச்சுவடி அதில் இருக்கின்றது.

குச்சி நீக்கிய வெற்றுப் பெட்டிகள் நாற்பது போதும். இணைப்பின் மேல் இணைப்பு வருமாறு நேராக அடுக்கி ஒரு சுவர். இணைப்புகள் விலகி வருமாறு மாற்றி அடுக்கி மற்றொரு சுவர். இரண்டையும் விரலால் தள்ளச் சொல்லுங்கள். எது முதலில் பிளக்கின்றது? கொத்தனார் செங்கல்லை ஏன் மாற்றி வைக்கின்றார் என்பதைப் பிள்ளையே சொல்லிவிடும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்க் லாயிட் ரைட், சிறுவயதில் தாய் வாங்கித் தந்த மரக்கட்டைகள் தம் விரல்களில் நிலைத்துவிட்டதாகப் பின்னாளில் எழுதினார். அக்கட்டைகளை வகுத்தவர் ஜெர்மானியக் கல்வியாளர் ஃபுரோபல்.

விடுமுறையில் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளிக்கும், 1636இல் எழுந்த மதுரை திருமலை நாயக்கர் அரண்மனைக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே கற்றூண் மேல் கல் உத்தரம். இங்கே செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வளைவு. பாரத்தைத் தாங்க இருவேறு வழிகள்!

அடுத்த பாடம் வாசல். ஓர் அட்டைப் பெட்டியில் சிறு வாசல் வெட்டி, இருபது கோலிக்குண்டுகளை இட்டு, மேசை மேல் வைத்துக் குலுக்கட்டும். எல்லாம் வெளிவரும்வரை ஒன்று, இரண்டு என எண்ணட்டும். பின், எதிர்ச்சுவரிலும் வாசல் வெட்டி மீண்டும் எண்ணட்டும்.

நம் பகுதிக்கு இது வெறும் விளையாட்டன்று. பட்டாசு ஆலையில் அறைக்கு அறை இடைவெளி வேண்டும். ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும் என்பவை விதிகள். உட்புறம் திறக்கும் கதவை, தப்பியோடி வருவோரே நெருக்கி மூடிவிடுவர் அல்லவா? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறக்கவியலாது.

வாசலின் அருமையைக் கையால் அறிந்த பிள்ளை, வேலைக்குப் புறப்படும் தந்தையிடம் ஒருநாள் கேட்கும்: "அத்தா, உங்கள் அறையில் எத்தனை பேர்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்?"

அக்கேள்விக்காகவேனும் இப்பாடத்தை இந்த வாரமே தொடங்குங்கள்.