ஆறு மாசத்தில ஆளே மாறுமா?

"ஊசி ஒண்டு போட்டால் ஆறு மாசத்தில ஆளே மாறிடுவாய் மச்சான்." ஜிம்முக்குப் போற எங்கட பெடியங்களில இந்தக் கதையைக் கேட்காத ஆள் குறைவு. போனைத் திறந்தாலும் இதே கதைதான். களைப்பா? டெஸ்டோஸ்டிரோன் குறைவு. படிப்பில மனம் போகேல்லையா? டெஸ்டோஸ்டிரோன் குறைவு. காதலி விட்டிட்டுப் போட்டாளா? அதுக்கும் அதுதான் காரணமாம்.

நாங்கள் இந்த மருந்துக்கு எதிரிகள் இல்லை. விதைகளிலோ கபச்சுரப்பியிலோ உண்மையான கோளாறு உள்ளவர்களுக்கும், பிறப்பிலேயே ஒரு X நிறமூர்த்தம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலையில் உள்ளவர்களுக்கும் இது அவசியமான சிகிச்சை. நீரிழிவுக்காரர் இன்சுலின் போடுவதில் வெட்கம் இல்லையெண்டால் இதிலயும் இல்லை. எங்கட கேள்வி வேறை. இந்தச் சிகிச்சை எதைத் தரும், எப்ப தரும், பதிலுக்கு எதை எடுக்கும்?

குறைபாடு உள்ள ஒருவருக்கு மாற்றம் படிப்படியாகத்தான் வரும். பாலியல் நாட்டம் 3 கிழமை அளவில் கூடத் தொடங்கும். மனநிலை சீராக 1 மாதம் தொடங்கிச் சில மாதங்கள் எடுக்கலாம். தசை கூடுவதும் கொழுப்பு குறைவதும் 3, 4 மாதத்தில் தெரியும். ஒரு வருஷத்துக்குள் அதுவும் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். எலும்பு வலுப்பெற 6 மாதத்துக்கு மேல் வேணும், அது 3 வருஷம் வரையும் நீளும். மருந்தை நிறுத்தினால் குறைபாடு திரும்பி வரும். ஆகவே பலருக்கு இது ஆயுள்காலச் சிகிச்சை.

பலனுக்கும் எல்லை இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 788 ஆண்களை வைத்து ஒரு வருஷம் செய்த ஆய்வின் முடிவுகள் 2016 இல் வெளிவந்தன. பாலியல் வாழ்க்கையில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் 'உசார்' எண்டு நாங்கள் சொல்லுற அந்தச் சுறுசுறுப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. உண்மையாகவே குறைந்த ஆட்களுக்கே இவ்வளவுதான் எண்டால், குறையாத 22 வயதுப் பெடியன் எதை எதிர்பார்த்து ஊசி போடுறான்?

2023 இல் வந்த இன்னொரு பெரிய ஆய்வில் 45 முதல் 80 வயது வரையான 5,000 க்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் மருந்தால் கூடவில்லை எண்டது நல்ல செய்தி. ஆனால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, நுரையீரலில் இரத்தக்கட்டி, திடீர் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தன. செங்குழியங்கள் கூடி இரத்தம் தடிக்கவும் கூடும். அதனால்தான் முதல் வருஷத்திலும் பிறகு வருஷா வருஷமும் இரத்தத்தைப் பரிசோதிக்கச் சொல்லுறார்கள். ஜிம்மில ஊசி தாற அண்ணை இதையெல்லாம் பார்ப்பாரோ?

ஆனால் இளம் ஆட்கள் முதலில் அறிய வேண்டியது வேறை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், 'இனி நீ உற்பத்தி செய்யத் தேவையில்லை' எண்டு மூளை விதைகளுக்குச் சொல்லிவிடும். விதைகள் சுருங்கும், விந்தணு குறையும். உலக சுகாதார நிறுவனம் இதையே ஆண்களுக்கான கருத்தடையாகப் பரிசோதித்தது. 1990 இல் வெளிவந்த அந்த ஆய்வில், கிழமைக்கொரு ஊசி போட்ட 271 சுகதேகிகளில் 157 பேரின் விந்தில் 6 மாதத்துக்குள் விந்தணுவே இல்லாமல் போனது. ஆண்மைக்கெண்டு விற்கிற ஊசி, கருத்தடை ஊசியாகவும் வேலை செய்யும்!

நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு மாதக்கணக்கில் திரும்பி வரும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கும் மேலாகும். அதுவும் அளவோடு, வைத்தியக் கண்காணிப்பில் போட்டவர்களின் கணக்கு. கள்ளமாக வாங்குற குப்பிக்குள் என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு எண்டு ஆருக்குத் தெரியும்? நிறுத்தின பிறகு உடம்பு தானாகச் சுரக்கத் தொடங்கும்வரை வாற சோர்வையும் மனச்சோர்வையும் ஆர் தாங்குறது?

இதில இன்னொரு அநியாயமும் இருக்கு. பிள்ளை இல்லையெண்டால் எங்கட சமூகம் முதலில பொம்பிளையைத்தான் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போகும், கோயில் கோயிலாக நேர்த்தி வைக்கச் சொல்லும். 22 வயதில இவர் போட்ட ஊசிக்கு 30 வயதில அவள் பேச்சு வாங்குவாள்.

சந்தேகம் இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் போங்கள். விடியக் காலமை, சாப்பிடாமல், வேறு வேறு நாளில் இரண்டு தரம் இரத்தம் பார்க்க வேணும். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவெடுக்க முடியாது. பிள்ளை பெறுகிற எண்ணம் இருந்தால் அதை முதலே சொல்லுங்கள். வேறு சிகிச்சைகளும் உண்டு. அதுக்கு முதல் நித்திரையையும் நிறையையும் பாருங்கள். இரவு 2 மணிவரை போன் நோண்டிப்போட்டு விடியக் களைக்குது எண்டால், அதுக்கு ஊசி மருந்தில்லை.

ஜிம்மில பக்கத்தில நிக்கிற பெடியன் "போடலாமோ மச்சான்?" எண்டு கேட்டால், சிரிச்சுச் சமாளிக்காமல் இதைக் கதையுங்கோ. அவனுக்கு இதை முதலில சொல்லுற ஆள் நீங்களாக இருக்கலாம்.