நெட் ஸ்லோவா? கிராஃபைக் காட்டுங்க

ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டல் நெட் படுத்துட்டா நாம 'லைன் பத்தலை'ங்கிறோம்; ஆபீஸ்ல 'பசங்க படம் எறக்குறாங்க'ங்கிறாங்க. ரெண்டு பக்கமும் கையில ஒரு நம்பர்கூட இல்லை.

ஆனா நம்பர் சுவிட்ச்சுக்குள்ளயே இருக்குங்க. மேனேஜ்டு சுவிட்ச்சின் ஒவ்வொரு போர்ட்டும் உள்ளே வந்த, வெளியே போன பைட்டுகளை எண்ணிக்கிட்டேதான் இருக்கும். எஸ்என்எம்பி-யை ஆன் பண்ணி, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா அந்த எண்ணை வாங்கி, பழைய எண்ணைக் கழிச்சு, 300 நொடியால் வகுத்தா சராசரி வேகம் கிடைச்சிடும். 64 பிட் கவுன்ட்டரையே கேளுங்க. நிரம்பி ஓடும் ஜிகாபிட் போர்ட்டில் 32 பிட் கவுன்ட்டர் 34 நொடியில் மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும், கணக்கு பொய்யாகும்.

1994-ல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களுக்கு 64 கிலோபிட் லைன் ஒண்ணே ஒண்ணு. வேகமான லைன் உடனே வராது. இருக்கிறது எப்படி ஓடுதுன்னாவது எல்லாரும் பார்க்கட்டும்னு டோபியாஸ் ஓட்டிக்கர் எழுதினதுதான் எம்ஆர்டிஜி. இன்னிக்கும் இலவசம்.

வேவு பார்ப்பாங்களோன்னு பயமா? கிணத்துக்கடவுல பொள்ளாச்சி ரோட்டோரம் நின்னு வண்டி எண்ணுற மாதிரிதான் இது. எத்தனை போகுதுன்னு தெரியும். உள்ளே என்ன மூட்டைன்னு தெரியாது. ஆனா ரூமுக்கு ஒரு போர்ட்னா அந்த ரூமின் அளவு தெரிஞ்சிடும். அதனால பிளாக்கின் அப்லிங்க் போர்ட் கிராஃபை மட்டும் எல்லாருக்கும் திறந்து வைங்கன்னு கேட்போம்.

அது நிரம்பியிருந்தா பெரிய லைன் கேட்கலாம். காலியா இருந்தா வைஃபையைச் சோதிக்கலாம். பசங்களைத் திட்டுறது அதுக்கப்புறம்.