பாலாற்றின் கணக்கில் வராத கூலி

பாலாற்றைக் கெடுத்த தோல் ஆலைகளுக்கு எதிராக 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. எம்.சி. மேத்தா வாதாடினார். 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, கெடுத்தவரே ஈடுகட்ட வேண்டும், தீங்கை முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளையும் இந்நாட்டுச் சட்டமாக்கியது. பொதுநல வழக்கறிஞர்களின் உழைப்பு இல்லாமல் இது நடந்திருக்காது. அதை நான் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் ஈடு யாருக்கு? ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழானதைத் தீர்ப்பு பதிவு செய்தது. பின்னர் இழப்பீடும் நிலத்தை வைத்தே கணக்கிடப்பட்டது. பட்டா உள்ளவர் இழப்பைக் காட்டலாம். அதே வயலில் நாற்று நட்டுக் களை பறித்த நிலமற்ற தலித் பெண் எதைக் காட்டுவார்? நிலத்தோடு அவர் கூலியும் போனது. பட்டாவில் அதற்கு இடமில்லை.

2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தோல் கழிவுச் சேற்றில் 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆற்றைக் காக்கவென்று கட்டிய நிலையம்தான் அது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றுக்காகக் குழு அமைக்க உத்தரவிட்டது. ஆறு தேறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்ல முடியாது. 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையைப் படியுங்கள். உடல் ஊனத்தால் இழந்த கூலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு எல்லாவற்றுக்கும் ஈடு கேட்கலாம். ஆனால் ஐந்து ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். ஊர்த்தெருவின் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து அறிக்கை வாங்குவதிலேயே அந்தக் காலம் கரைந்துவிடக் கூடாது.

இன்னொன்று. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் புழங்கும் நீர்நிலையை அச்சமூகங்களைச் சேராத ஒருவர் கெடுத்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம். வேங்கைவயல் குடிநீர்த் தொட்டிக்காக இந்தச் சட்டத்தைப் பேசினோம். ஆலைக் கழிவு சேரியின் கிணற்றில் இறங்கும்போது ஏன் பேசுவதில்லை?

சட்டம் படிக்கும் தோழர்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த மனுவை எழுதும் முன் சேரிக்குப் போங்கள். எத்தனை நாள் வேலை போனது, எந்தக் கிணற்றை விட்டார்கள், யாருக்குத் தோல் நோய் என்று வீடுவீடாக எழுதி வாங்குங்கள். அந்தத் தாள்களை நீர் ஆய்வறிக்கைக்கு முன்னால் வையுங்கள்.