உழவர் கேள்வி – பதில்: டவர் சாய்ந்தாலும் செய்தி போக ஒரு வழி

கேள்வி: 2018-இல் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊரில் கரண்டும் இல்லை, செல்போனும் வேலை செய்யவில்லை. தோப்பு வீட்டில் தனியாக இருந்த அம்மா பத்திரமாக இருக்கிறார் என்பது மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது. டவர் இல்லாமலே செய்தி அனுப்பும் சிறிய ரேடியோ இருக்கிறதாமே? அதை ஊர்க்காரர்களே அமைக்க முடியுமா?
– வாசகர், வேதாரண்யம் வட்டம்

பதில்: முடியும். 'லோரா' என்ற வானலை முறையில் இயங்கும் சிறு மின்னணுப் பலகைகள் இணையக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் 'மெஷ்டாஸ்டிக்' என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், சிம் கார்டு, டவர், இணையம் எதுவும் இல்லாமல் எழுத்துச் செய்தி அனுப்பலாம். பலகையுடன் செல்போன் புளூடூத் மூலம் இணையும். பேச முடியாது, எழுத்தும் இருப்பிடமும் மட்டும் போகும்.

வயலுக்கு வயல் தண்ணீர் பாய்வதுபோல, ஒரு கருவி அனுப்பும் செய்தியை அடுத்த கருவி வாங்கி மீண்டும் அனுப்பும். சாதாரண அமைப்பில் இப்படி 3 தாவல் வரை போகும். அதிகபட்சம் 7 வரை கூட்டலாம். சமவெளியில், ஆன்டெனா உயரமாக இருந்தால், ஒரு தாவல் சில கிலோமீட்டர் எட்டும். அடர்ந்த தென்னந்தோப்பும் மழையில் நனைந்த இலைகளும் தூரத்தைக் குறைக்கும். அதனால் நாலைந்து வீடுகள் சேர்ந்து தொடங்கி, ஊரில் உயரமான மாடியில் ஒரு கருவியை நிரந்தரமாக வைப்பது நல்லது. மேல்நிலை நீர்த்தொட்டியில் வைக்க ஊராட்சியின் அனுமதி தேவை. தென்னை மரத்தில் கட்ட வேண்டாம். புயலில் அது சாயக்கூடும்.

வாங்கும்போதும் அமைக்கும்போதும் கவனிக்க வேண்டியவை:

1. ஒரே பலகை 433, 868, 915 மெகாஹெர்ட்ஸ் என்று தனித்தனி வகைகளில் விற்கப்படுகிறது. நமக்கு 868 வகை பலகையும் அதற்கான ஆன்டெனாவும் வேண்டும்.

2. ஆன்டெனாவை மாட்டிய பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். ஆன்டெனா இல்லாமல் அலை அனுப்பினால் பலகை பழுதாகலாம்.

3. செயலியில் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்தியாவைக் குறிக்க வேண்டும். அதுவரை கருவி எதையும் அனுப்பாது.

4. மாடியில் வைக்கும் கருவிக்கு மின்சாரத்தை மிகக் குறைவாக எடுக்கும் 'என்ஆர்எஃப்52' சில்லு உள்ள பலகை ஏற்றது. 3,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் அது சுமார் ஒரு வாரமாவது ஓடும். 'இஎஸ்பி32' சில்லு உள்ள பலகை அதே பேட்டரியில் ஒரு நாளைத் தாண்டுவதே கடினம். சிறு சோலார் தகடும் மழைநீர் புகாத பெட்டியும் சேர்த்தால் கருவி தொடர்ந்து இயங்கும்.

5. எல்லாக் கருவிகளையும் 'ரூட்டர்' என்று அமைக்கக் கூடாது. செய்திகள் ஒன்றோடொன்று மோதி வீணாகும். உயரத்தில் உள்ள கருவிக்கு மட்டும் அது போதும்.

6. பொதுச் சேனலில் போடுவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஊருக்கென்று தனிச் சேனல் தொடங்கி, அதன் கியூஆர் குறியீட்டை மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.

ஒரு செய்தியில் சுமார் 200 பைட்தான் அடங்கும். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். மெய்யின் புள்ளியும் 'கா'வின் காலும் தனிக் குறிகளே. 'அம்மா நலம்' என்பதற்கே 28 பைட். எனவே ஊரே சேர்ந்து எண்களை முடிவு செய்து கொள்ளலாம்: 1 – எல்லோரும் நலம். 2 – மருந்து வேண்டும். 3 – வீடு விழுந்தது, ஆள் பத்திரம். 4 – மின்கம்பி அறுந்து கிடக்கிறது, யாரும் வர வேண்டாம். அந்தப் பட்டியலை எழுதி ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்ட வேண்டும்.

மிக முக்கியமான ஒன்று. குழுவுக்கு அனுப்பிய செய்தி 'போய்ச் சேர்ந்தது' என்று செயலி காட்டினால், ஏதோ ஒரு கருவி அதை வாங்கிக்கொண்டது என்றுதான் பொருள். அம்மா படித்துவிட்டார் என்று பொருள் இல்லை. பதிலுக்கு '1' வரும்வரை சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். வயதானவர் செயலியைத் தானாக இயக்க முடியாது என்றால், பக்கத்து வீட்டில் ஒருவருக்குப் பொறுப்புக் கொடுப்பது நல்லது.

இந்த வலை தானாக 108-க்கோ, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கோ போகாது. போன் கிடைக்கும் இடத்தில் இருக்கும் ஒருவர் செய்தியை வாங்கி, அங்கே அழைத்துச் சொல்ல வேண்டும். அவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: இதற்கு லைசென்ஸ் வேண்டுமா? வாக்கி-டாக்கி வாங்கினால் பேசவே செய்யலாமே?
– வாசகர், பேராவூரணி

பதில்: 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை, 1 வாட் வரை ஆற்றலுள்ள கருவிகளில் தனி உரிமம் இல்லாமல் பயன்படுத்த இந்திய அரசு 2005-இல் அனுமதித்தது. லோரா பலகைகள் பெரும்பாலும் இதில் ஆறில் ஒரு பங்கு ஆற்றலில்தான் இயங்குகின்றன. வாக்கி-டாக்கியின் கதை வேறு. இணையத்தில் மலிவாக விற்கும் பல வகைகள் உரிமம் தேவைப்படும் அலைவரிசையில் இயங்குபவை. உரிமம் இல்லாமல் பயன்படுத்துவது குற்றம். பேசத்தான் வேண்டும் என்றால், தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறும் வழி இருக்கிறது. ஊரில் படித்த பிள்ளைகள் ஒருவர் இருவர் அதற்கு முயலலாம்.

கேள்வி: மலைக் கிராமத்துக்கு இது சரிப்படுமா?
– வாசகர், ஜவ்வாது மலை

பதில்: சரிப்படும். ஆனால் இந்த அலை மலையைத் துளைத்துப் போகாது. இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே உள்ள மேட்டில், இரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், சோலார் தகட்டுடன் ஒரு கருவி வைத்தால் இரண்டு ஊர்களும் இணையும். அது வன நிலமாக இருந்தால் வனத்துறையிடம் அனுமதி பெற வேண்டும். இடி மின்னல் நேரத்தில் கம்பத்தின் அருகே யாரும் போகக் கூடாது.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் கருவிகளை அமைத்து, செயலியை எல்லாப் போன்களிலும் ஏற்றிவிட வேண்டும். புயல் வந்த பிறகு இறக்க இணையம் இருக்காது. பிறகு வாரம் ஒரு நாள் மாலை, போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு புளூடூத்தை மட்டும் வைத்துக்கொண்டு, எல்லா வீடுகளிலிருந்தும் '1' அனுப்பிப் பார்க்கலாம். எந்த வீட்டிலிருந்து வரவில்லையோ, அங்கே ஆன்டெனாவை உயர்த்த வேண்டும்.