மாதவிலக்கும் மதிநுட்பமும்

பெண் அதிகாரி ஒருவர் கோப்பைத் திருப்பியனுப்பினாலோ, அவையில் பெண் உறுப்பினர் ஒருவர் குரலை உயர்த்தினாலோ, அவர் கூறும் காரணத்தை ஆராயாமலே ‘அந்த மூன்று நாளாக இருக்கும்’ என்று முடிவுகட்டும் வழக்கம் படித்தவர்களிடையேயும் கூச்சமின்றித் தொடர்கிறது. மாதவிலக்கு நாள்களில் பெண்ணின் அறிவு தடுமாறும் என்னும் இந்நம்பிக்கை, நூறாண்டுக்கு முன்பே ஆய்வில் தோற்றுப்போன ஒன்று.

1914இல் வெளிவந்த தம் கொலம்பியா பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேட்டில் அமெரிக்க உளவியலாளர் லெட்டா ஹாலிங்வொர்த் இதனைச் சோதித்தார். விரல் தட்டும் வேகம், கை நடுங்காமை, நிறங்களைப் பெயரிடல், எதிர்ச்சொல் கூறல் ஆகியவற்றில் பெண்களின் திறனைத் தொடர்ந்து அளந்த அவர், ஒப்பீட்டுக்குழுவாக, அதாவது மாதவிலக்கின் விளைவைப் பிரித்தறியும் அளவுகோலாக, ஆண்களையும் சேர்த்துக்கொண்டார். விலக்கு நாள்களில் திறன் குன்றியதற்குச் சான்றே கிடைக்கவில்லை.

ஹாலிங்வொர்த்துக்கு முன், 1873இல், உயர்கல்வி பெண்ணின் கருவுறும் ஆற்றலைக் கெடுக்கும் என்று எழுதிய பாஸ்டன் மருத்துவர் எட்வர்டு கிளார்க் இத்தகைய அளவீடு எதையும் செய்யவில்லை. ஹாலிங்வொர்த்துக்குப் பின், 1970இல், ஹார்மோன் கொந்தளிப்பால் பெண்கள் உயர்பதவிக்குத் தகுதியற்றவர்கள் என்று அறிவித்த அமெரிக்க மருத்துவர் எட்கர் பெர்மனும் செய்யவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் பாட்சி மிங்க் எதிர்த்தெழுந்த பின்னரே பெர்மன் தம் கட்சிக் குழுவிலிருந்து விலக நேர்ந்தது. அளந்து பார்த்தவர் ஹாலிங்வொர்த். அளக்காமலே தீர்ப்பு வழங்கியவர்கள் இவர்கள். அந்த ஹாலிங்வொர்த்துக்கோ, மணமானவர் என்ற ஒரே காரணத்தால் நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஆசிரியப் பணி மறுக்கப்பட்டது. அங்கே அவரைத் தடுத்தது கருப்பையா, சட்டமா?

விலக்கு நாள்களின் வலியும் சோர்வும் உண்மையானவை. ஆனால், அவ்வலிக்கு ஓய்வும் மருத்துவமும் கேட்கும்போது ‘எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே’ என்று தட்டிக்கழிப்பவர்களே, பதவி கேட்கும்போது அதே வலியைத் தகுதியின்மைக்குச் சான்றாக நீட்டுகின்றனர். ஹார்மோன் மாற்றத்தைப் பற்றி இத்தனை அக்கறை காட்டிய அமெரிக்காவில்தான், கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளிலிருந்து பொதுவாக விலக்கிவைக்கும் வழிகாட்டுதல் 1977 முதல் 1993 வரை நீடித்தது. பெண்ணுடலை அறிய மறுத்த மருத்துவம், பெண்மனத்தைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசியது.

ஆணின் சினம் ஆளுமை என்றும், பெண்ணின் சினம் மாதவிலக்கு என்றும் பெயர்பெறும்வரை, உளவியலின் பெயரால் நிகழ்வது அறிவுத்தேடல் அன்று, ஆதிக்கமே. பெண் ஒருவர் சினந்து பேசினால், கேட்கவேண்டியது நாட்காட்டியை அன்று, அவர் முன்வைக்கும் காரணத்தையே.